‘போ’ என்று கிடந்த கல்

பின்னால் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாயசம் கொதிக்கும் வாசம் வெட்டவெளி வரைக்கும் கூடவே வந்தது. நான் உளிச்சாக்கை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உடுப்பிட்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். விடிய ஒரு சிரட்டை கஞ்சி குடித்ததோடு சரி. திரும்பிப் போய் பந்தியில் இருந்திருந்தால் ஒருவரும் எழும்பச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கல் நட்டு முடிந்துவிட்டது. வேலை முடிந்த ஊரில் என் கால் நிற்காது. அது அந்தக் காலத்தில் எனக்கிருந்த வியாதி. நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததில்லை.

வல்லை வெளியில் மரம் கிடையாது. உப்புக் காற்று நெற்றியில் அடிக்கும். குதிவெடிப்பில் உப்புமண் ஏறினால் எரியும். எரிந்தது. நடந்தேன்.

தம்பிமாரே, நீங்கள் இந்தப் பட்டறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுத்து வெட்டுகிறீர்கள். உளி பிடிப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கை என் கையைவிட நேராக ஓடுகிறது. நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: எந்த எழுத்தில் நிறுத்துவது என்பது. அதை எங்கேயும் படிப்பிப்பதில்லை. நானும் படித்தவனல்லன். பள்ளிக்கூடத்தில் எழுத்து முடிந்து இலக்கணம் தொடங்கிய இடத்தில் வேலி பாய்ந்து ஓடியவன்.

எனக்குத் தொழில் பழக்கிய மனிதர் அச்சுவேலிச் சந்தையில் ஒரு புடவைக் கடைக்குப் பெயர் எழுதினார். கடைக்காரர் தன் ஒரே மகளின் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார். சாரதா. மத்தியான வெயில் ஏறியதும் இவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனார். வெளியே போயிருந்த கடைக்காரர் திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தார். கடையின் நெற்றியில் சிவப்பு மையில், ஒரு முழ உயரத்தில், ‘சா’ என்று மட்டும் நின்றது. மகளுக்கு அந்த நேரம் காய்ச்சல் வேறு. மை வாளி தெருவுக்குப் பறந்தது. பிறகு ஏணியும் பறந்தது. சோறு தின்று வந்தவர் ஏணியை எடுத்து நிறுத்தி, மிச்சத்தை எழுதி முடித்துவிட்டு, என்னிடம் வந்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: “தமிழிலை ஒத்தை எழுத்தும் கதைக்குமடா.”

அதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு அவரைவிட்டும் போய்விட்டேன். அவருடைய வசனம் எனக்கு வேலைக்கு வந்தது பல வருடம் கழித்து, அன்றைக்கு நான் கல் நட்டுவிட்டு வந்த பாலத்தடியில்.

அச்சுவேலிக்குக் கிழக்கே, வயல் முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கழி இருக்கிறது. கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும். மாரியில் மழைநீரும் கடல்நீரும் கலந்து ஆளை இழுக்கும். அதன் மேல் பனங்குற்றிகளைப் போட்டு ஊரார் நடந்தார்கள். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த அடுத்த வருடம் அதில் சீமெந்துப் பாலம் கட்டினார்கள். பாலம் சின்னதுதான். ஒரு மாட்டு வண்டி போனால் எதிரே வருகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனாலும் பாலம்.

அதற்குப் பெயர்க்கல் வெட்ட என்னைக் கூப்பிட்டவர் கிராமச் சங்கத் தலைவர். ஊரில் மனு எழுதுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. மெலிந்த, எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் மனிதர். வன்னியிலிருந்து வண்டியில் வந்த கருங்கல் ஒன்றுதான் இருந்தது. பிழைத்தால் மாற்றுக் கல் கிடையாது. அவர் சொல்லிய சொற்கள் இவை: போர் வீரர் ஞாபகார்த்தப் பாலம்.

அந்த ஊரிலிருந்து மூன்று பேர் சண்டைக்குப் போயிருந்தார்கள். பயனியர் படை என்று ஒன்றில் சேர்ந்து கப்பலேறி எகிப்துக்குப் போனவர்கள். துவக்குப் பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் அதிகம் என்று அவர்களே சொல்வார்கள். ஊரில் இரண்டொருவர் ‘மண்ணள்ளிப் பட்டாளம்’ என்று பகிடி பண்ணுவதும் உண்டு. மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். ஒருவர் செல்லையா; வாய் ஓயாத மனிதர், காக்கிக் காற்சட்டையோடு சைக்கிளில் திரிவார். மற்றவருக்குக் குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது. அவர் அதிகம் கதைப்பதில்லை. மூன்றாமவர் இராசையா. ஏதோ ஒரு துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்றைக்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. செத்தார் என்று படையிலிருந்து சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல்லும் சொல்லும் நாளும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து, மாகாணத்தை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டர் துரை திறப்புக்கு வருவதாக ஏற்பாடு. நான் தொடங்கியதற்கு மூன்றாம் நாள் காலை. அதற்கிடையில் வெட்டி, நட்டு, துடைத்து வைக்க வேண்டும்.

கழியோரம் சீமெந்துச் சாக்கு வைத்த கொட்டிலுக்கு முன்னால் கல்லைக் கிடத்தி, வெண்கட்டியால் வரி முழுவதையும் எழுதிக்கொண்டேன். தலைவர், துரையின் வருகையை உறுதிப்படுத்தக் காலையிலேயே யாழ்ப்பாணம் போய்விட்டார். நான் கொம்பை வெட்டி, ‘ப’வை வெட்டி, காலையும் வெட்டி முடித்தேன். ‘போ’ வந்துவிட்டது. அடுத்தது ‘ர்’. உளியை வைக்கிற நேரத்தில் கல்லின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தண்ணீர்க் குடம் இடுப்பில். நெற்றியில் குங்குமம் பெரிதாக, ஒரு பிடிவாதம் போல வைத்திருந்தாள்.

“அண்ணை, உதிலை என்ன எழுதியிருக்கு?”

வாசித்துக் காட்டினேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஞாபகார்த்தம் எண்டது செத்த ஆக்களுக்கெல்லோ?”

அவள் சொன்னது சரி. அதுவரை நான் அந்தச் சொல்லை வெட்டிய இடங்கள் எல்லாம் சுடலை மடமும், செத்தவர் பெயரில் கட்டிய கேணியும்தான். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை உயிரோடு இருக்கிறவருக்கு வைத்ததை நான் கண்டதில்லை.

“என்ரை மனுசன் செத்தவர் எண்டு ஆர் கண்டது?” என்றாள்.

அவள்தான் இராசையாவின் மனைவி. பெயர் பாக்கியம். அழவில்லை, சத்தம் போடவில்லை. வேலியில் ஓட்டை விழுந்ததைப் பற்றிச் சொல்கிறவளைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள். ஊரில் மெல்ல மெல்ல அவளைக் கலியாண வீடுகளுக்குச் சொல்லாமல் விடத் தொடங்கியிருந்தார்கள். மாமியார்கூட மகனுக்கு செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்துவிடலாமா என்று ஐயரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த மாதம் அவளுடைய தங்கைக்குக் கலியாணம். தாயில்லாத பிள்ளை. மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்கிற தட்டைப் பிடிக்க அக்காதான் நிற்க வேண்டும். தாலியோடு வாழ்கிற பெண் மட்டும்தான் அந்தத் தட்டைத் தொடலாம்.

“மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பாலத்தாலைதான் வருவினம். உந்தக் கல்லை வாசிச்சுப்போட்டு என்னைத் தட்டுப் பிடிக்க விடுவினமோ?” என்றாள். “ஊர் வாயிலை இருக்கிறது நாளைக்கு மாறலாம். கல்லிலை வெட்டினது மாறுமோ, அண்ணை?”

மாறாது. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்.

அந்த நேரம் செல்லையா சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார். விஷயத்தைக் கேட்டார். கல்லை எட்டிப் பார்த்தார்.

“அப்ப எனக்கும் சேர்த்துத்தான் வெட்டிறியள். நல்லது. செத்தவீட்டு எட்டுச் செலவையும் இண்டைக்கே செய்து போடுங்கோ, நானும் ஒரு வாய் தின்னலாம். நாளைக்கு உந்தப் பாலத்தாலை போகேக்கை என்ரை ஞாபகத்துக்கு நானே மணி அடிச்சுக்கொண்டு போறன்.”

பாக்கியமும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையில் இருந்த உளியைப் பார்த்தாள்.

தம்பிமாரே, இந்த இடத்தில் உங்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வீர்கள். சொன்னதை வெட்டுவது என் வேலை, சொல்லுக்குப் பொறுப்பு அவர் என்று தொடர்வீர்கள். அல்லது பெரிய நியாயவாதி போல, வெட்டமாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுப்பீர்கள். இரண்டும் பிழை. வேலை தந்தவர் இல்லாத இடத்தில் அவருடைய சொல்லை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஒரு பெண்ணின் தாலியை உளியால் அறுக்கவும் எனக்கு உரிமையில்லை. ஆகவே உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். மழுங்கிவிட்டது என்றேன். அச்சுவேலியில் கொல்லனிடம் கொடுத்துத் தீட்டிக்கொண்டு வந்தால்தான் இனி வெட்டலாம் என்றேன். உளி மழுங்கவில்லை. ஆனால் உளிக்குத்தான் மழுங்கும் உரிமை எப்போதும் உண்டு. அதை மறக்காதீர்கள்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முழுச் சாக்கையும் தூக்கிக்கொண்டு. தீட்ட ஒரு உளி போதும். எனக்கு அது தெரியும். அச்சுவேலி வந்ததும் சந்தைக்கு எதிரே யாழ்ப்பாணம் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினால் முடிந்தது. கல்லும் சொல்லும் அவர்களுடைய பாடு. நான் அப்படி விட்டுவிட்டு வந்த ஊர்கள் இல்லாமலில்லை. காய்ச்சலோடு விட்டு வந்தேன், பாதிச் சுவரில் விட்டு வந்தேன், கோபத்தில் விட்டு வந்தேன். படியில் ஒரு காலை வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் கல்லில் நான் எங்கே நிறுத்தினேன் என்பது நினைவுக்கு வந்தது. ‘போ’.

நீங்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கிற ஒருவரைப் பார்த்து நாங்கள் ‘போ’ என்று சொல்வதில்லை. போகிறவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்பார், போய்விட்டு வருகிறேன் என்று. ‘போட்டு வா’ என்போம். சுடலைக்குக் கொண்டு போகிறவரைத்தான் திரும்பி வரச் சொல்லாமல் அனுப்புவோம். நான் ஊருக்கு நடுவே, வழியோரத்தில், புருஷன் திரும்பி வராத ஒரு பெண் தண்ணீருக்குப் போகிற பாதையில், கருங்கல்லில் ‘போ’ என்று வெட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெண்கட்டி எழுத்து காற்றில் அழிந்துவிடும். வெட்டியது நிற்கும். என் குருநாதரின் மை வாளி சந்தையில் உருண்ட சத்தம் காதில் கேட்டது.

காலைப் படியிலிருந்து எடுத்தேன். கண்டக்டர் ஏதோ ஏசினான். கொல்லனிடம் போய், நன்றாக இருந்த உளியை மேலும் நன்றாகத் தீட்டிக்கொண்டு கழியடிக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கல் ஏற்கனவே ஊருக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, தன்னைப் போகச் சொல்வது ஆர் என்று கேட்டாராம். செல்லையா கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, வருகிறவர்களுக்கெல்லாம் கல் உத்தரவு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரும் வந்துவிட்டார். சால்வையை எடுக்காமலே நின்றார். பாக்கியம் சற்றுத் தள்ளி நின்றாள். காது கேளாதவர் கொட்டில் தூணில் சாய்ந்திருந்தார்.

“என்ன காணும், வேலையை நிப்பாட்டிப் போட்டீராம்?” என்றார் தலைவர்.

உளி மழுங்கிய கதையைச் சொன்னேன்.

“ஒரு எழுத்துக்கு மழுங்கிற உளியோ உம்மட்டை இருக்கிறது?”

“அம்மான், உளியிலை பிழை இல்லை,” என்றாள் பாக்கியம். “நான் கேட்டதாலைதான் அவர் நிப்பாட்டினவர்.”

தலைவர் அவளை ஏசவில்லை. கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். தன் பக்கத்தை நிதானமாகச் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது. மாரியில் பிள்ளைப்பேற்று நோவோடு ஒருத்தியைக் கதிரையில் வைத்து, கழுத்தளவு தண்ணீரில் இந்தக் கழியால் தூக்கிக்கொண்டு போனதையும், அக்கரையில் இறக்கும்போது அவள் சீவன் போயிருந்ததையும் சொன்னார். அது அவருடைய சொந்த மகள். பாலம் கேட்டு அவர் அனுப்பாத மனு இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. “சண்டைக்குப் போன பொடியளின்ரை ஞாபகார்த்தமா எண்டு எழுதினாப் பிறகுதான் சீமெந்து வந்தது, பிள்ளை. உந்தச் சொல் இல்லாட்டி உந்தப் பாலமே இல்லை. நாளையிண்டைக்குத் துரை வந்து, எங்கை ஞாபகார்த்தம் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?”

“நான் பாலம் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, அம்மான். அவரைக் கல்லிலை வெட்டிச் சாக்காட்டாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சொற்களைப் புரட்டத் தொடங்கினார். மனு எழுதிப் பழகிய மனிதர். ஒரு சொல் இடித்தால் இன்னொன்றைத் தேடுகிற கை. போர் சென்று வந்தோர் பாலம் என்று வைக்கலாமா என்றார். எனக்கு அது நல்லதாகப் பட்டது. செல்லையாதான் தலையை ஆட்டினார். அவருடைய குரலில் பகிடி இல்லை.

“வந்தோர் எண்டா நாங்கள் ரெண்டு பேர்தான். அவன் வரேல்லை எண்டு கல்லே சொல்லிப் போடுமே.”

ஒரு சொல் அவரைக் கொன்றது. மற்றச் சொல் அவரை விட்டுவிட்டு வந்தது. நான் உளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அந்த நேரத்தில் எழும்பி நடக்க வேண்டும் போலிருந்தது. என் கால்கள் தாமாகவே ஆடின.

தலைவர் செல்லையாவைப் பார்த்து, அன்றைக்குப் போகும்போது மூவரும் எங்கே நின்று விடை பெற்றார்கள் என்று கேட்டார். பாலத்துக்கு முன்பு இங்கே கிடந்த பனங்குற்றியில்தான் என்றார் செல்லையா. லொறி அக்கரையில் நின்றது. சனம் இக்கரையில். நடுக் குற்றியில் இராசையா திரும்பி நின்றாராம்.

“என்ன சொன்னவன்?”

செல்லையா பாக்கியத்தைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

“போட்டு வாறன் எண்டவர். போறன் எண்டு சொல்லேல்லை.”

“எல்லாரும் சொல்லுறதுதானே, பிள்ளை,” என்றார் தலைவர்.

“ஓம். எல்லாரும் சொல்லுறதைத்தான் அவரும் சொன்னவர்.”

தலைவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போட்டு வாறன். பிறகு அதை மனுத் தமிழுக்கு மாற்றினார். போய் வருகிறோம். போய் வந்தோர். இல்லை. போய் வருவோர்.

“வந்தோர் எண்டா வந்து முடிஞ்சுது,” என்றார், எங்களுக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும். “வருவோர் எண்டா இனி வாறவனும் அடக்கம். வந்தவையும் நாளைக்குப் போய் வருவினம், அவையும் அடக்கம்.” குனிந்து கல்லைத் தடவினார். “எது வரைக்கும் வெட்டினனீர்?”

“‘போ’ மட்டும்தான் ஐயா.”

“‘ர்’ வெட்டேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப ‘ர்’ வெட்டாதேயும். ‘ய்’ வெட்டும்.”

பாக்கியம் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பத்தடி போய்த் திரும்பி, என்னைப் பார்த்து, இரவுக்குச் சோறு அனுப்புவதாக மட்டும் சொன்னாள்.

அந்த முடிவில் எனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், ஒரு எழுத்தை வெட்டாமல் விட்டது மட்டும்தான். தொழிலில் நாங்கள் வெட்டியதைத்தான் காட்டிப் பெருமைப்படுவோம். நான் வெட்டாமல் விட்ட அந்த ஒரு ‘ர்’ தான் என் கையால் நடந்த மிக நல்ல வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் முழுக்க வெட்டினேன். ‘போய் வருவோர் பாலம்’ பழைய வரியைவிடச் சிறியது. ‘போ’ இடது ஓரத்தில் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டதால் மற்ற எழுத்துகளை அகட்டி அகட்டி வைத்தேன். பார்க்கிறவருக்கு ஏதோ மூச்சு வாங்கி வாசிப்பது போல இருக்கும். கீழே சின்ன எழுத்தில் ‘போர்முனை சென்ற எம்மூரார் பெயரால்’ என்று ஒரு வரி. அது துரைக்காகத் தலைவர் சேர்த்தது. வீரர் என்ற சொல் போனதைப் பற்றிச் செல்லையாவிடம் கேட்டேன். மண்வெட்டிக்கு அது பாரம் என்றார்.

திறப்பு நாளில் பயந்தது நடந்தது. துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். மொழிபெயர்க்க வந்த முதலியாரிடம் ஏதோ கேட்டார். முதலியார் கல்லை வாசித்தார், மறுபடியும் வாசித்தார், தலைவரைப் பார்த்தார். ஞாபகார்த்தம் என்றல்லவா கேட்டிருந்தீர்கள், இது என்ன, யார் இந்த வருவோர் என்று துரை கேட்கிறார் என்றார். மேளகாரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். மகளைப் பறிகொடுத்துக் கட்டிய பாலம் அது. நினைத்திருந்தால், கல் வெட்டினவன் பிழை விட்டுவிட்டான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். என் சாக்கைக் கட்டி வைத்திருந்தேன்.

தலைவர் அப்படிச் சொல்லவில்லை. “மூண்டு பேர் போனவை. ரெண்டு பேர் வந்திட்டினம். ஒருத்தர் வர வேணும் எண்டு சொல்லுங்கோ,” என்றார்.

முதலியார் சொன்னார். துரை சற்று நேரம் கல்லையே பார்த்தார். தொப்பியை மறுபடி தலையில் வைக்காமல் பாலத்தில் ஏறி நடந்தார்.

ஆனால் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. திறப்புக்கு ஆலாத்தி எடுக்க வேண்டும். இரண்டு பேர் தேவை. ஒருவர் தலைவரின் மனைவி. மற்றத் தட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாக்கியம் வேலியோரத்தில், மற்றவர்களுக்குப் பின்னால் நின்றாள். தானாக வரமாட்டாள். வந்தால் யாராவது வாய் திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“பிள்ளை பாக்கியம்,” என்றார் தலைவர், ஊரே கேட்க. “வந்து தட்டைப் பிடி.”

ஒரு கிழவி ஏதோ முணுமுணுத்தாள். செல்லையா அவளுக்குக் கல்லைக் கையால் காட்டினார். அவள் வாசிக்கத் தெரியாதவள். ஆனாலும் கல்லைப் பார்த்தாள், பேசாமல் விட்டாள். பாக்கியத்தின் மாமியார் கூட்டத்தில்தான் நின்றார். தலையைக் குனிந்துகொண்டார், தடுக்கவில்லை. பாக்கியம் வந்தாள். தட்டில் சிவந்த நீர் தளும்பியது, ஆனால் சிந்தவில்லை. பாலத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றி நீரைக் கழியில் ஊற்றினார்கள். பிறகு அவள் செல்லையாவுக்குப் பொட்டு வைக்க வந்தாள்.

“பாத்து வை, பிள்ளை. உயிரோடை இருக்கிற ஆளுக்கு வைக்கிறாய்,” என்றார் அவர். காது கேளாதவர் அதைக் கேட்டது போல எல்லாருக்கும் முன்னே சிரித்தார்.

பந்திக்கு இலை போடத் தொடங்கியதும் நான் சாக்கைத் தூக்கினேன். தலைவருக்குத் தலையசைத்துவிட்டு, கல்லடியில் நின்ற பாக்கியத்திடம் “போறன்” என்றேன். அது என் பழக்கம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்தேன். திரும்பி வருகிற ஊர் என்று எனக்கு ஒன்று இருக்கவில்லை, இல்லாததைச் சொல்லுவானேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். “உந்தக் கல்லை வெட்டிப்போட்டு உப்பிடிச் சொல்லுறியளே, அண்ணை.”

நான் திருத்திச் சொன்னேன்.

“ஓம். போட்டு வாங்கோ,” என்றாள்.

அந்த ஊருக்கு நான் மறுபடி போகவில்லை. இராசையா வந்தாரா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை. தங்கையின் கலியாணத்தில் அக்காதான் தட்டுப் பிடித்தாள் என்று மட்டும் அச்சுவேலிச் சந்தையில் ஒருமுறை கேள்விப்பட்டேன். வெட்டிய எழுத்துக்கு அது போதும்.

அன்று பின்னேரம் வெளியைத் தாண்டி, உடுப்பிட்டியில் ஒரு மடத்துக் கிணற்றில் காலைக் கழுவிக்கொண்டு, வல்வெட்டித்துறைக்கு நடந்தேன். கடற்கரையில் வலை உலர்த்தும் இடத்தில் படுத்தேன். வெறும் வயிறு. விடிய ஒரு குரல் எழுப்பியது. உளிச்சாக்கைக் கண்டுவிட்டு வந்த ஒரு தண்டையல். சொந்தமாகப் பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். மரத்திலும் எழுத்து வெட்டுவேனா என்று கேட்டார். வெட்டுவேன் என்றேன். புதுக் கப்பலின் பின்பலகை மணலில் கிடந்தது. நல்ல வேம்பு. பெயரைச் சொன்னார். வாலாம்பிகை. அம்மனின் பெயர், அவருடைய தாயின் பெயரும் அதுதானாம்.

உளியை எடுக்கும் முன், அந்தப் பெயரை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினாரா என்று கேட்டேன். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் குரல் கொடுத்தார். படலையைத் திறந்துகொண்டு மனைவி வந்தார். கேட்டார். நல்ல பெயர்தான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கஞ்சி குடித்துவிட்டு வெட்டலாமே என்றார். ஒரு எழுத்து வெட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

முதல் எழுத்தை வெட்டி முடித்து, தூளை ஊதிவிட்டுப் பார்த்தேன். கடலைப் பார்த்தபடி பலகையில் ‘வா’ என்று நின்றது. அந்த எழுத்தில் நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்கப் போவதற்கு எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.